ஒரு கையை விடத் தெரியணும்

"இதுல எது நான் தாயி, எது அது?"

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே மாமா கேட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய இடது கன்னத்தின் உட்புறத்திலிருந்து எடுத்த ஒரு துணுக்கு.

நான் டாக்டர் இல்லை. ரங்கூனில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் திசு வெட்டுகிறவள். ஃபார்மலினில் மிதந்து வரும் சதைத் துண்டை மெழுகில் பதித்து, கட்டி இறுகியதும் 4 மைக்ரான் கனத்தில் சீவுவேன், மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அரைக்கத்தரிக்காய் அளவு சதையானாலும் கடுகளவு ஆனாலும் சீவும் கனம் அதேதான். மெழுகு, நாடா நாடாவாக வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விட்டால் சுருக்கம் பிரிந்து விரியும். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடித் தகட்டை அடியில் கொடுத்து ஏந்தி எடுக்க வேண்டும். மூச்சு விட்டாலே நாடா மடிந்துவிடும். கரண்ட் போனால் தொட்டி ஆறிவிடும், ரங்கூனில் கரண்ட் போவதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சீவும் கருவி மட்டும் கைப்பிடி சுற்றும் பழைய வகை என்பதால் பிழைத்தோம்.

மாமாவின் துண்டை நான் சீவவில்லை. சீட்டில் பெயரைப் பார்த்ததும் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டேன். சாயம் போட்ட பிறகுதான் பார்த்தேன். டாக்டர் அறிக்கை எழுதி, விஷயம் வீட்டுக்குத் தெரிந்து, அழுகையெல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள் மாமாவே வந்து நின்றார். "என்கிட்ட இருந்து எடுத்ததை நான் பாக்கக் கூடாதா?" டாக்டர் சிரித்துவிட்டு எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

எது நான், எது அது. இளஞ்சிவப்புப் பரப்பில் ஊதாப் புள்ளிகள். ஒழுங்காக அடுக்கியிருக்கும் இடம் பழைய கன்னம். அதற்குக் கீழே, கும்பல் கும்பலாக, ஒன்றுக்கொன்று பொருந்தாத பருமனில் கிடப்பவை புற்றுச் செல்கள். நடுவில் வெங்காயம் மாதிரி சுற்றிச் சுற்றி ஒரு முத்து, நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின் புரதம் திரண்டது. அவ்வளவையும் காட்டிவிட்டு உண்மையைச் சொன்னேன். "எல்லாமே நீங்கதான் மாமா."

அது அவருக்குப் பிடிக்கவில்லை.

மாமா சாரம் கட்டுகிறவர். ரங்கூன் நடுவூரின் பழைய கட்டடங்களுக்கு வெள்ளையடிக்க, கோயில் கோபுரத்துக்கு வர்ணம் பூச, எல்லாவற்றுக்கும் மூங்கிலும் கயிறும்தான். தாமுவேயில் இருந்து விடியற்காலையில் கிளம்புவார். ஏறும் முன் தெருமுனைக் கடையில் குன்யா. கடைக்காரி பச்சை வெற்றிலையை வரிசையாகப் பரப்பி, தூரிகையால் சுண்ணாம்பைச் சர்சர்ரென்று இழுத்து, பாக்குச் சீவல், புகையிலை, காசுக்கட்டி போட்டு மடித்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் நாலைந்தாகக் கட்டித் தருவாள். அந்தப் பை மாமாவின் சட்டைப் பையில் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. மேலே நிற்கும்போது பசி தெரியாது, தூக்கம் வராது என்பார். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்வார். ஒதுக்குவது எப்போதும் இடது பக்கம்.

கழுத்தில் நெறி கட்டியபோது பல்வலி என்று நினைத்து இரண்டு மாதம் மாத்திரை விழுங்கினார். ஒரு இடத்தில் பார்த்தவர்களும் அப்படியே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, ஆனால் இது அதைப் பற்றிய கட்டுரை இல்லை.

மாமாவின் இரண்டாவது கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது. "கன்னத்துல இருந்தது கழுத்துக்கு எப்படிப் போச்சு? அதுக்குக் கால் இருக்கா?"

"பரவிடுச்சு" என்று டாக்டர்கள் சொல்வார்கள். எண்ணெய் பரவும், தீ பரவும், வதந்தி பரவும். இந்த வார்த்தையைக் கேட்டால் ஏதோ தானாக வழிந்து போவது மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. புற்றுச் செல் வழிவதில்லை, ஏறுகிறது. முன்னால் ஒரு பிடியைப் போட்டு, உடம்பை இழுத்து, பின்னால் இருக்கும் பிடியை விட்டு, மறுபடி முன்னால். தட்டில் வளர்க்கும் செல்கள் மணிக்குச் சில பத்து மைக்ரான் நகரும். ஒரு தலைமயிரின் அகலத்தைத் தாண்டவே சில மணி நேரம் ஆகும். இந்த வேகத்தில்தான் கன்னத்தின் அடித்தோலைக் கிழித்து, நிணநீர்க் குழாய் வரை வந்து சேர்கிறது. குழாய்க்குள் விழுந்துவிட்டால் அப்புறம் ஓட்டத்திலேயே போய்விடும்.

பிடி என்றேன். செல்லின் தோலில் இன்டெக்ரின் என்ற புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வெளிப்பக்கம் கொலாஜன் போன்ற நார்களைப் பற்றும், உள்பக்கம் செல்லின் எலும்புக்கூடு மாதிரி இருக்கும் ஆக்டின் இழைகளோடு பிணையும். ஆனால் இன்டெக்ரினுக்கு வெறும் கைதான் உண்டு. எதைப் பிடித்தோம், எவ்வளவு இறுக்கம் என்று உள்ளே சேதி சொல்ல அதற்கு வாய் கிடையாது. அந்த வாய்தான் நான் சொல்ல வந்த புரதம். ஃபோக்கல் அட்ஹீஷன் கைனேஸ். சுருக்கமாக ஃபேக் என்பார்கள். போலி என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம், இதைவிட அசலான வேலைக்காரன் செல்லுக்குள் குறைவு.

1,052 அமினோ அமிலங்கள் கோத்த மாலை இது. சும்மா இருக்கும்போது தன் தலையை மடித்துத் தன் வேலை செய்யும் பகுதியையே மூடிக்கொண்டிருக்கும், வெயிலில் துண்டைப் போட்டு முகத்தை மூடிப் படுத்திருப்பவன் மாதிரி. இன்டெக்ரின்கள் ஓரிடத்தில் கூடி நாரைப் பற்றியதும் துண்டு விலகுகிறது. 397-ஆவது இடத்தில் இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒற்றைப் பாஸ்பேட்தான் அழைப்பு மணி. சார்க் என்ற இன்னொரு புரதம் வந்து அதில் உட்கார்ந்து, ஃபேக்கின் மற்ற இடங்களிலும் பாஸ்பேட்டை ஒட்டி, இருவருமாகச் சேர்ந்து வேலையில் இறங்குகிறார்கள்.

சார்க்குக்கு ஒரு கோழிக் கதை உண்டு. நியூயார்க்கில் பெய்ட்டன் ரவுஸ் என்பவரிடம் மார்பில் கட்டியுள்ள ஒரு கோழி வந்தது. கட்டியை அரைத்து, செல்லே புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரை வேறு கோழிகளுக்கு ஊசி போட்டார். அவற்றுக்கும் கட்டி வந்தது. 1911-ல் இதை வெளியிட்டார். வைரஸால் புற்றா என்று உலகம் நம்ப வெகுநாள் பிடித்தது. நோபல் பரிசு 1966-ல் வந்தபோது அவருக்கு வயது 87. அந்த வைரஸ் சுமந்து வந்த மரபணுதான் சார்க். 1976-ல் மைக்கேல் பிஷப்பும் ஹெரால்ட் வார்மஸும் அதைத் துருவிப் பார்த்தால், அது வைரஸின் சொந்தச் சொத்தே இல்லை. எப்போதோ ஒரு கோழியிடமிருந்து தூக்கிக்கொண்டு போனது. நல்ல கோழியின் ஒவ்வொரு செல்லிலும் அது இருக்கிறது, நம்முடைய செல்லிலும் இருக்கிறது.

இதை மாமாவிடம் சொன்னபோதுதான் "எல்லாமே நீங்கதான்" என்பதை ஓரளவு மன்னித்தார். "அப்ப வெளியில இருந்து வந்த திருடன்கிட்டயும் நம்ம வீட்டுச் சாமான்தான் இருந்திருக்கு."

சார்க் எதில் பாஸ்பேட் ஒட்டுகிறது என்பது எப்படித் தெரிந்தது என்ற கதையை என்னைப் போல் கரைசல் கலக்கிப் பிழைப்பவர்கள் ரசிக்க வேண்டும். டைரோசினில் பாஸ்பேட் ஒட்டும் என்றே 1979 வரை யாருக்கும் தெரியாது. கலிபோர்னியாவில் டோனி ஹண்டர், அமினோ அமிலங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் கரைசலைப் புதிதாகக் கலக்கச் சோம்பேறித்தனப்பட்டுப் பழையதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். அதன் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 1.9-லிருந்து 1.7-க்கு இறங்கியிருந்தது. அந்தச் சின்ன மாற்றத்தால்தான் வழக்கமாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறையும் இரண்டு புள்ளிகள் விலகித் தெரிந்தன. புதுப் புள்ளிதான் பாஸ்பேட் ஒட்டிய டைரோசின். எங்கள் கூடத்தில் பழைய கரைசலோடு பிடிபட்டால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். பாராட்டு இல்லை.

அப்புறம் 1992. வர்ஜீனியாவில் டாம் பார்சன்ஸ் குழு, சார்க் ஏறிய கோழிச் செல்களில் யார்மீதெல்லாம் பாஸ்பேட் ஒட்டியிருக்கிறது என்று தேடியபோது, செல் தரையைப் பற்றும் இடங்களிலேயே உட்கார்ந்திருந்த ஒரு பெரிய புரதம் அகப்பட்டது. அதுதான் ஃபேக். அதே வருஷம் வேறு குழுக்களும் அதைக் கண்டன.

பிடிக்கும் இடத்தில் இருக்கிறது, ஆகவே பிடிக்க வைப்பது இதன் வேலை என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 1995-ல் ஜப்பானில் ஃபேக் மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். குட்டிகள் பிறக்கவில்லை, கருவிலேயே இறந்தன. அந்தக் கருவிலிருந்து எடுத்த செல்களைத் தட்டில் வளர்த்துப் பார்த்தால், அவை தரையிலிருந்து பிய்ந்து போகவில்லை. நேர்மாறாக, பிடிகள் கூடியிருந்தன. செல்லைச் சுற்றிலும் பிடி. நகரத்தான் முடியவில்லை.

இந்த இடத்தைப் படித்த அன்று சாயங்காலமே தாமுவேக்குப் போனேன். ஆபரேஷன் முடிந்து மாமாவுக்கு நாக்கு சரியாகப் புரளவில்லை, பேச்சு குழறும். அத்தைதான் பாதியைத் திருப்பிச் சொல்வார். நான் செல்லுக்குச் சொன்னதை அவர் சாரத்துக்குச் சொன்னார்.

"புதுப் பையனை மேல ஏத்தினா என்ன செய்வான் தெரியுமா? ரெண்டு கையாலயும் மூங்கிலைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னுடுவான். ஏறவும் மாட்டான், இறங்கவும் மாட்டான். பிடிக்கத் தெரியாதவன் யாரும் கிடையாது, கொரங்குக் குட்டிக்கே தெரியும். ஒரு கையை விடத் தெரியணும். அதைச் சொல்லிக் குடுக்கத்தான் ஆறு மாசம்."

அந்த எலிச் செல்லுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தக் கட்டுரையிலும் படிக்கவில்லை. ஃபேக்கும் சார்க்கும் சேர்ந்து முன்பக்கம் புதுப் பிடி போடவும் தூண்டுகின்றன, பின்பக்கத்துப் பழைய பிடியைக் கழற்றவும் செய்கின்றன. கழற்றும் வேலை இல்லையென்றால் பயணம் இல்லை. புற்றுச் செல்லில் ஃபேக் பெரும்பாலும் பழுதாகியிருப்பதில்லை, அளவுக்கு மீறி இருக்கும், அல்லது எந்நேரமும் விழித்தே இருக்கும். வாய்ப்புற்றில் இது கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

மாமா விடவில்லை. "நாங்க சாயங்காலம் இறங்கிடுவோம்ல," என்றார்.

ஆமாம். உவமை அங்கே உடைகிறது. ஏனென்றால் ஃபேக் நடையை மட்டும் பார்த்துக்கொள்வதில்லை. அதே பாஸ்பேட் இடங்களிலிருந்து ராஸ் என்ற புரதம் வழியாக ஒரு சேதி செல்லின் உட்கருவுக்குப் போகிறது: பெருகு. வேறொரு வழியில் ஆக்ட் என்ற புரதத்துக்கு ஒரு சேதி: சாகாதே. ஒழுங்கான செல்லில் இவை மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பதில் ஒரு நியாயம் உண்டு. நல்ல தரையைப் பற்றியிருக்கிறாயா? அப்படியென்றால் உயிரோடு இரு, தேவைப்பட்டால் பெருகு. பிடி போய்விட்டதா? செத்துப்போ. தோல் வகைச் செல் தன் தரையிலிருந்து பெயர்ந்தால் தானே மடிவதை 1994-ல் ஸ்டீவன் ஃபிரிஷ் கண்டு, அனாய்கிஸ் என்று பெயர் வைத்தார். வீடற்றுப் போவது என்ற கருத்தில் கிரேக்கத்திலிருந்து எடுத்த பெயர். இரண்டு வருஷம் கழித்து அவர் குழுவே, எந்நேரமும் விழித்திருக்கும் ஃபேக்கைச் செல்லுக்குள் வைத்தால் அது தரையில்லாமலே பிழைத்துக்கொள்வதையும் காட்டியது. பிடி இல்லாமலே பிடித்திருக்கிறேன் என்று பொய்ச் சேதி போய்க்கொண்டே இருக்கிறது. கன்னத்துச் செல் நிணநீரில் மிதந்து கழுத்துக்கு உயிரோடு வந்து சேரும் சூட்சுமத்தில் இதற்கும் பங்கு உண்டு.

வீடற்றுப் போவது என்றதும், கப்பலேறி வந்தவர்களின் கொள்ளுப்பேத்தியான எனக்குப் புலம்பெயர்வு பற்றி நாலு வரி எழுதக் கை துறுதுறுக்கத்தான் செய்கிறது. எழுதப் போவதில்லை. எங்களைப் புற்றுச் செல்லோடு ஒப்பிட்டேன் என்று தெரிந்தால் ஆயா எழுந்து வந்து செருப்பால் அடிப்பாள்.

பாக்குக்கு வருகிறேன். புகையிலைதான் வில்லன், வெறும் வெற்றிலை பாக்கு சாமிக்கு வைப்பதுதானே என்று நம் ஆட்கள் இன்னும் சொல்கிறார்கள். 2004-லேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கையும், பாக்கைத் தனியாகவும், மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்று முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. பாக்கு செய்யும் முதல் காரியம் புற்று இல்லை, இறுக்கம். கன்னத்தின் அடியில் கொலாஜன் நார் சேர்ந்துகொண்டே போகும். லைசில் ஆக்ஸிடேஸ் என்ற நொதி அந்த நார்களைக் குறுக்கும் நெடுக்குமாக முடிச்சுப் போடும். அந்த நொதிக்குத் தாமிரம் வேண்டும், பாக்கில் தாமிரம் நிறைய. மெத்தென்றிருந்த கன்னம் வெளுத்து, பட்டை பட்டையாக விறைக்கும். காரம் பட்டால் எரியும். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போகும். ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், மூன்றையும் நிமிர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாகப் பல் இடுக்கில் நுழைத்துப் பாருங்கள். நல்ல வாயில் பொதுவாக மூன்றும் நுழையும். மாமாவுக்கு ஒன்றரைகூட நுழையவில்லை. சோற்றைப் பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாக அவர் சாப்பிடுவதைப் பல வருஷம் பார்த்திருக்கிறோம். பல் போய்விட்டது என்று நினைத்தோம்.

விறைத்த தரையை ஃபேக் சும்மா விடாது. 2009-ல் வலேரி வீவரின் குழு எலிகளின் மார்பகத் திசுவில் இதைப் பார்த்தது: கொலாஜனுக்கு முடிச்சுக் கூடி விறைத்தால் இன்டெக்ரின்கள் கூட்டமாகச் சேர்கின்றன, ஃபேக்கின் சேதி உரக்கிறது, கட்டி எல்லை தாண்டுகிறது. முடிச்சைத் தடுத்தால் வேகம் குறைகிறது. மார்பகத்தில் கண்டதை அப்படியே கன்னத்துக்குத் தூக்கி வைப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் மாமாவின் தகட்டில் நான் பார்த்ததை மறக்கவும் முடியவில்லை. கட்டியின் ஓரத்தில், கும்பலை விட்டுப் பிரிந்து மூன்று செல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, தடித்த ஒரு கொலாஜன் நாரை ஒட்டியே வரிசை பிடித்திருந்தன. அன்றைக்கு மாமாவே அதைக் கண்டுபிடித்தார். "இந்தச் செவப்பு நாரு நம்ம சாரம் மாதிரியே இருக்கு. மேல ஆளு நிக்கிறான் பாரு, மூணு பேரு."

மாமா 2022-ல் போய்ச் சேர்ந்தார். 2025 மே மாதம் அமெரிக்காவில் டெஃபாக்டினிப் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்த செய்தியைப் படித்தேன். ஃபேக்கைக் குறிவைத்து உள்ளே வந்த முதல் மருந்து. அவுட்டோமெட்டினிப் என்ற இன்னொன்றோடு சேர்த்து, மெதுவாக வளரும் ஒருவகைச் சினைப்பைப் புற்றுக்கு, அதிலும் கேராஸ் மரபணு மாறியிருந்தால் மட்டும். இதே மருந்து 2015-ல் நுரையீரல் உறையில் வரும் புற்றில் பயன் தராமல் சோதனை பாதியில் நின்றது. வாய்ப்புற்றுக்கு இது இல்லை. மாமாவுக்கு இது ஒன்றும் செய்திருக்காது, அதில் எனக்குக் குழப்பம் இல்லை.

இந்த வகை மருந்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கேட்டிருந்தால் அவர் ரசித்திருப்பார். மருந்து, பாஸ்பேட் ஒட்டும் வேலையை மட்டும் நிறுத்துகிறது. ஃபேக் அங்கேயேதான் நிற்கிறது. நின்றபடியே மற்றப் புரதங்கள் வந்து தொற்றிக்கொள்ள இடம் கொடுக்கிறது. இந்தத் தாங்கி நிற்கும் வேலைக்கு விஞ்ஞானிகளின் மொழியிலும் சாரம் என்றுதான் பெயர். கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சாரத்தைப் பிரிக்காமல் விட்ட கதை. அதனால் புரதத்தையே செல்லின் குப்பைத் தொட்டிக்கு இழுத்துப் போகும் மருந்துகளைச் சிலர் செய்து பார்க்கிறார்கள். இன்னும் ஆய்வுக்கூட அளவில்தான்.

போன வாரம் எங்கள் கூடத்துக்கு எதிர்க் கட்டடத்தில் சாரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்த பையன்களில் ஒருவன் தமிழ்ப் பையன், பதினெட்டு பத்தொன்பது இருக்கும், கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்தது. டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். மாமா பேரைச் சொன்னதும் அவன் மேஸ்திரிக்குத் தெரிந்திருந்தது. துப்பிவிட்டு வாயைக் கொப்பளிக்கச் சொன்னேன். மூன்று விரலைக் காட்டி, இப்படி வைத்துப் பார் என்றேன்.

"எதுக்கு அக்கா?"

"சும்மா வச்சுப் பாரு."

இரண்டு நுழைந்தது. மூன்றாவதை நகத்தளவு நுழைத்துவிட்டு நிறுத்தினான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே மறுபடி வைத்துப் பார்த்தான்.